வீடு என்னுடையது, விதியும் என் இஷ்டமா?

சிங்கப்பூரில் வாடகைக்கு அறை தேடி அலைந்த இந்தியர் பலருக்கு ஒரு வரி மனப்பாடம். "சாரி, ஓனர் இந்தியர் வேண்டாம்னு சொல்றார்." முன்பெல்லாம் இணைய விளம்பரத்திலேயே இதை வெளிப்படையாகப் போட்டார்கள்: 'இந்தியர் வேண்டாம், சீன நாட்டவர் வேண்டாம்.' சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் சொத்து முகவை மன்றம், இனம் பார்த்து விளம்பரம் செய்யக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. ஆனால் விளம்பரத்திலிருந்து எடுத்த வரி, தொலைபேசிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

என் வகுப்புத் தோழர் ஒருவர் திருச்சிக்காரர். விடுதியில் இடம் கிடைக்காமல், புக்கிட் பாத்தோக்கில் எம்ஆர்டிக்குப் பக்கமாக ஓர் அறை தேடினார். குறுஞ்செய்தியில் கேட்டபோது அறை காலியாக இருந்தது. பெயரைச் சொன்னதும், "இப்பதான் வேற ஒருத்தர் எடுத்துட்டார்" என்றார் ஏஜெண்ட். மறுவாரமும் அதே அறை விளம்பரத்தில் இருந்தது. நண்பர் கோபப்படவில்லை. "அவங்க வீடு, அவங்க இஷ்டம், என்ன பண்றது?" என்றார்.

அவர் கேட்டதில்தான் இந்தக் கட்டுரையின் கேள்வி இருக்கிறது. வீடோ கடையோ, அதன் சொந்தக்காரர் யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று தன் இஷ்டப்படி முடிவு செய்யலாமா? இனம் பார்த்தும் முடிவு செய்யலாமா?

இதே புக்கிட் பாத்தோக்கில் 2016 மே 7-ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்தது. வாக்காளர்களில் பெரும்பாலோர் சீனர்கள். அவர்கள் 61 விழுக்காட்டுக்கும் மேல் வாக்களித்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது முரளி பிள்ளை என்ற இந்தியரை. எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது சரி என்று நான் பேச வரவில்லை. நான் கவனித்தது வேறு. ஊரே சேர்ந்து, இந்தத் தொகுதியைப் பார்த்துக்கொள் என்று ஓர் இந்தியரிடம் ஒப்படைக்கிறது. அதே ஊரில் இன்னோர் இந்தியருக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பொதுவில் ஒரு விதி, கதவுக்கு உள்ளே வேறு விதி. இது எப்படி ஒத்துப்போகிறது?

எதிர்த்தரப்பு வாதத்தை நியாயமாகச் சொல்லிவிடுவோம். அது பலவீனமான வாதம் இல்லை. சொத்து என் உழைப்பில் வந்தது. கடன் கட்டுவது நான். சுவர் கறுத்தால் வெள்ளையடிப்பது நான். யாரோடு வியாபாரம் செய்வது என்று தேர்ந்தெடுக்க எனக்கு உரிமை இல்லை என்றால் அது என் சொத்தே இல்லை. பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1962-இல் வெளியான தன் நூலில், வேலைக்கு ஆள் எடுப்பதில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டங்களை எதிர்த்தார். பாகுபாடு நல்லது என்று அவர் சொல்லவில்லை. அதைச் சரிசெய்வது அரசின் வேலை இல்லை, சந்தையே பார்த்துக்கொள்ளும் என்றார். அவருக்கு முன்பே 1957-இல் கேரி பெக்கர் இன்னொன்றை விளக்கியிருந்தார்: பாகுபாடு காட்டுபவர் அதற்காக ஒரு விலை கொடுக்கிறார். இந்தியர் வேண்டாம் என்று அறையை இரண்டு மாதம் காலியாக வைத்திருப்பவருக்கு இரண்டு மாத வாடகை நட்டம். பக்கத்து வீட்டுக்காரர் இந்தியருக்கு விட்டுப் பணம் பார்ப்பார். நாளடைவில் பாகுபாடு காட்டுபவர் தோற்றுப்போவார்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம்ம தமிழ்நாட்டு டீக்கடை இந்தக் கணக்குக்கு உட்படவில்லை.

1939 ஜூலை 8-ஆம் தேதி, அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். கோயில் கதவு திறந்தது. டீக்கடை பெஞ்ச் திறக்க அதைவிட அதிக நாள் பிடித்தது. சுதந்திரம் வந்து பல பத்தாண்டுகள் கழித்தும் பல கிராமங்களில் இரட்டைக் குவளை முறை இருந்தது. ஒரு சாதிக்குக் கண்ணாடி தம்ளர், இன்னொரு சாதிக்குத் தனிக் குவளை, அதையும் அவர்களே கழுவி வைக்க வேண்டும். டீக்கடை தனியார் வியாபாரம்தானே? சந்தை ஏன் அதை ஒழிக்கவில்லை? ஏன்னா, பாகுபாட்டைக் கேட்டது வாடிக்கையாளர்கள். எல்லாருக்கும் ஒரே தம்ளர் என்று ஒரு கடைக்காரர் துணிந்து சொல்லியிருந்தால், மற்றவர்கள் அவர் கடையைப் புறக்கணித்திருப்பார்கள். அங்கே நட்டம் பாகுபாடு காட்டாதவருக்கு. சந்தை வாங்குபவர்களின் ஆசையைப் பிரதிபலிக்கும். ஆசையே கோணலாக இருந்தால் சந்தையும் அந்தக் கோணலையே பெரிதாக்கிக் காட்டும்.

இதைத் தெரிந்துதான் டாக்டர் அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்த இந்திய அரசியலமைப்பு, 15-ஆம் பிரிவில் கடை, உணவகம், தங்கும் விடுதி என்று பெயர் சொல்லியே எழுதியது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் பார்த்து அங்கெல்லாம் யாரையும் தடுக்கக்கூடாது. அரசாங்க அலுவலகத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. அவமானம் அதிகம் நடந்தது டீக்கடையில் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவும் இந்த வழியாகத்தான் வந்தது. அங்கே கறுப்பின மக்கள் காரில் வெளியூர் போகும்போது எந்த ஊரில் தங்க இடம் கிடைக்கும், எங்கே சாப்பாடு கிடைக்கும் என்று பட்டியலிட்ட 'கிரீன் புக்' என்ற கையேடு 1936 முதல் 1960கள் வரை வந்தது. 1964-இல் குடிமை உரிமைகள் சட்டம் நிறைவேறியதும், 216 அறைகள் கொண்ட 'ஹார்ட் ஆஃப் அட்லாண்டா' மோட்டலின் உரிமையாளர் நீதிமன்றம் போனார். என் சொத்து, என் இஷ்டம் என்பதுதான் அவர் வாதமும். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. நம்ம ஊர் இந்திய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும், 'இந்த ஓனர் இந்தியருக்குக் கொடுப்பார்' என்று செய்தி சுற்றுகிறது. இரண்டும் ஒரே அளவு கொடுமை என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே உயிருக்கே பயம் இருந்தது. ஆனால் பட்டியல் தேவைப்படுகிறது என்றாலே எங்கோ ஒரு கதவு மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, சிங்கப்பூர் சட்டம் என்ன சொல்கிறது? நம் அரசியலமைப்பின் 12-ஆம் பிரிவு எல்லாரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் வைத்துக் குடிமக்களிடையே பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் அது கட்டுப்படுத்துவது சட்டங்களையும் அரசு அமைப்புகளையும். தனியாருக்கு, நீண்ட காலம் வழிகாட்டிகளும் அறிவுரையும்தான் இருந்தன. அன்றைய பிரதமர் லீ சியன் லூங் 2021 தேசிய தினப் பேரணி உரையில், சிறுபான்மையினர் வேலை தேடும்போதும் வாடகை வீடு தேடும்போதும் படும் பாட்டைப் பற்றிப் பேசினார். வேலையிடத்துக்கான வழிகாட்டிகளைச் சட்டமாக்கப் போவதாகவும் அறிவித்தார். அதன்படி வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வயது, பால், இனம், சமயம், உடற்குறை போன்றவற்றை வைத்து வேலை மறுப்பதைத் தடுக்கும் சட்டம் அது.

கவனிக்க வேண்டியது: அந்தச் சட்டம் வேலைக்கு. வாடகைக்கு இல்லை.

"வேலை கொடுப்பது நிறுவனம், வீட்டை வாடகைக்கு விடுவது தனிமனிதர், அதனால்தான்" என்று சொல்லலாம். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் அந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இல்லை. புக்கிட் பாத்தோக்கில் நம் கண்ணில் படுபவை பெரும்பாலும் வீவக வீடுகள். வீவக வீடு 99 ஆண்டுக் குத்தகை. பொதுவாக ஐந்து ஆண்டு அதில் குடியிருந்த பிறகுதான் முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியும். அதற்குக் கழகத்தின் அனுமதி வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைவாக விடக்கூடாது. எத்தனை பேர் தங்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. இவ்வளவு விதிகளுக்கும் தலையாட்டிவிட்டு, 'இனம் பார்க்காதே' என்று ஒரு விதி வந்தால் மட்டும் 'என் சொத்துரிமை போச்சு' என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? அந்த வீடு பொதுப் பணத்தின் உதவியோடு பொது நோக்கத்துக்காகக் கட்டப்பட்டது. அதை வாடகைக்கு விடுபவர் ஒரு சின்ன வியாபாரம் நடத்துகிறார். விளம்பரம் போடுகிறார், முகவருக்குத் தரகு கொடுக்கிறார், மாதா மாதம் வருமானம் பார்க்கிறார்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். முழு வீட்டையும் விட்டுவிட்டு வேறு இடத்தில் இருப்பவர் ஒருவர். தானும் குடும்பமும் இருக்கும் வீட்டில் ஒரே ஓர் அறையை விடுபவர் இன்னொருவர். அந்த அமெரிக்கச் சட்டமே இதைப் பார்த்திருக்கிறது. உரிமையாளர் தானும் அதே கட்டடத்தில் குடியிருந்து, ஐந்துக்கு மேற்படாத அறைகளை வாடகைக்கு விட்டால் அந்தப் பகுதி அவரைக் கட்டுப்படுத்தாது. 'மிஸஸ் மர்ஃபி' விலக்கு என்று அதற்குச் செல்லப்பெயர். 216 அறை மோட்டலும், சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் பாட்டியும் ஒன்றில்லை. ஒரே குளியலறை, ஒரே குளிர்பதனப் பெட்டி என்று வாழும்போது மனம் ஒத்துப்போவது முக்கியம். அங்கே சட்டம் நுழைய வேண்டாம் என்பது என் கருத்து. சட்டம் நுழையாத இடத்தில் மனசாட்சிக்கும் வேலை இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக்கூடாது.

வீட்டுக்காரர்கள் சொல்லும் காரணங்களையும் பார்ப்போம். "தினமும் மசாலா வாசம், சுவரெல்லாம் எண்ணெய். இரண்டு பேர் என்று சொல்லி ஆறு பேர் தங்கினார்கள். போன தடவை பட்டது போதும்." இதெல்லாம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அப்படி நடந்தும் இருக்கும். ஆனால் நடந்தது ஒரு குடித்தனக்காரரால். தண்டனை அடுத்து வரும் இந்தியருக்கு.

பொறியியல் படிக்கிற எனக்கு இங்கே ஓர் எதிர்க்கேள்வி தோன்றுகிறது. கான்கிரீட் ஊற்றும்போது சில கனசதுர மாதிரிகளை எடுத்து வைத்து, 28-ஆம் நாள் நசுக்கிப் பார்ப்போம். மாதிரி தோற்றால் அந்தத் தொகுதி முழுவதையுமே சந்தேகப்படுவோம். அப்போ வீட்டுக்காரர் செய்வதும் அதுதானே? இல்லை. கான்கிரீட்டில் அந்த முடிவு சரியாக இருப்பதற்குக் காரணம், எல்லாம் ஒரே கலவையிலிருந்து வந்தது. திருச்சியில் பிறந்த மாணவரும், மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூரில் இருக்கும் குடும்பமும், பஞ்சாபிலிருந்து வந்த வங்கி ஊழியரும் எந்த ஒரே கலவையிலிருந்து வந்தார்கள்? 'இந்தியர்' என்ற ஒரே லேபிள் ஒட்டியதைத் தவிர அவர்களின் சமையலுக்கும் சுத்தத்துக்கும் பொதுவாக ஒன்றும் இல்லை.

பயம் உண்மையானது என்றால் அதற்கு வழியும் இருக்கிறது. முன்பணம் வாங்கலாம். எத்தனை பேர் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். சமையலறையை மாதம் ஒருமுறை நன்றாகக் கழுவ வேண்டும் என்றும் எழுதலாம். நடத்தைக்கு விதி போடுவதில் தப்பில்லை. ஆனால் அந்த விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கணும். மீன் பொரிப்பவருக்கும் சம்பல் பெலாச்சான் வறுப்பவருக்கும் இல்லாத 'வாசனை விதி' சாம்பார் வைப்பவருக்கு மட்டும் என்றால், அது நடத்தை விதி மாதிரி வேஷம் போட்ட இன விதி. 2011-இல் கறி வாசனை பற்றி அண்டை வீட்டார் இருவருக்கு இடையே எழுந்த பிரச்சினை செய்தியானபோது, ஆகஸ்ட் 21-ஆம் தேதி எல்லா இனத்துச் சிங்கப்பூரர்களும் தங்கள் வீட்டில் கறி சமைத்தார்கள். கறி ஓர் இனத்தின் குற்றம் இல்லை என்பதை இந்த ஊர் சமைத்தே காட்டியிருக்கிறது.

இதுவரை படித்த நண்பர்கள் தலையாட்டியிருப்பீர்கள். இனிமேல் வருவதுதான் நமக்குக் கஷ்டம்.

நம்மவர்களும் வீடு வைத்திருக்கிறார்கள். கடையும் வைத்திருக்கிறார்கள். 'சைவம் மட்டும்' என்று அறை விளம்பரம் போடுகிறார்கள். இது பாகுபாடா? நான் நினைப்பது இது: 'இந்த வீட்டில் அசைவம் சமைக்கக்கூடாது' என்பது நடத்தை விதி. சைவ உணவு உண்ணும் சீன பௌத்தர் ஒருவர் வந்து கேட்டால் அறை கொடுப்பீர்கள் என்றால், உங்கள் விதி நேர்மையானது. அவருக்கும் ஏதோ சாக்குச் சொல்வீர்கள் என்றால், 'சைவம்' என்பது வெறும் திரை. சிராங்கூன் சாலை சைவ உணவகத்தையும் இப்படித்தான் பார்க்கணும். கோழி விற்க மாட்டேன் என்பது என்ன விற்பது என்ற முடிவு. அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. யாருக்கு விற்பது என்பது வேறு முடிவு. அங்கே மேசை எல்லா இனத்துக்கும் திறந்திருக்கிறது.

கோயிலில் அர்ச்சகர் இந்துவாக இருக்க வேண்டும் என்பதும் நியாயம். வேலையே வழிபாடு. புதிய சட்டமும் சமய அமைப்புகளுக்கு அந்த விலக்கைத் தருகிறது. ஆனால் அதே சட்டத்தில், 25 பேருக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கும் முதல் ஐந்து ஆண்டுகள் விலக்கு இருக்கிறது. தேக்காவில் நமக்குத் தெரிந்த பல கடைகள் இந்த வகைதான். சட்டம் இப்போதைக்கு நம்மைத் தொடாது. தொடாத அந்த ஐந்து வருஷத்தில் நம்ம கடைக்காரர் ஒரு மலாய்ப் பெண்ணின் விண்ணப்பத்தை எப்படிப் படிக்கிறார் என்பதில்தான் நம் தர்மம் தெரியும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். அறை தேடி வரும் தமிழரிடம் தமிழ் வீட்டுக்காரரே "ஊர் எது? அங்க எந்தத் தெரு? அப்பா என்ன பண்றார்? வீட்ல என்ன சாமி கும்பிடுவீங்க?" என்று கேட்பதுண்டு. அக்கறையாகக் கேட்பவரும் இருக்கிறார்கள். சாதியைத் துருவுபவரும் இருக்கிறார்கள். கேட்கப்படுபவருக்கு எது எது என்று நன்றாகவே தெரியும். 'இந்தியர் வேண்டாம்' என்று கேட்டால் நமக்கு வலிக்கிறது. அதே வலியை நம் மொழியிலேயே, இன்னும் நுணுக்கமாக, நாம் கொடுக்கலாமா? பெரியபுராணத்தில் நந்தனாருக்குத் திருப்புன்கூரில் நந்தி விலகி வழிவிட்டதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கதையில் சிவன் யார் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை.

"அரசாங்கமே இனம் பார்க்கிறதே" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. ஒரு புளோக்கில் சீனர் 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 15 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. இதனால் சிறுபான்மையினர் சிலருக்கு வீடு விற்பது கஷ்டமாகிறது. அந்தக் குறை உண்மையானது. ஆனாலும் இரண்டு வித்தியாசம் உண்டு. அந்த விதி எண்ணோடு வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது, அதைக் கேள்வி கேட்கலாம், முறையிடலாம். அதன் நோக்கமும் எல்லா இனமும் ஒரே மின்தூக்கியில் ஏற வேண்டும் என்பது. தொலைபேசியில் 'இப்பதான் போயிடுச்சு' என்று சொல்பவரிடம் எண்ணும் இல்லை, முறையீடும் இல்லை. அவர் நோக்கமோ நேரெதிர். அரசு ஒரு புளோக்கில் சேர்த்து வைத்ததை, ஒவ்வொரு கதவாக அவர் பிரித்து வைக்கிறார்.

ஆக என் முடிவு இது. பொதுமக்களைக் கூப்பிட்டுக் காசு வாங்கிப் பொருளோ வீடோ வேலையோ தருபவர், பிறப்பைப் பார்த்து மறுக்க அனுமதி இருக்கக்கூடாது. முழு வீட்டையும் வாடகைக்கு விடுவதும் அதில் சேர வேண்டும். தான் குடியிருக்கும் வீட்டின் ஓர் அறையைச் சட்டம் விட்டுவிடலாம். சட்டம் வந்தால் மட்டும் எல்லாம் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. விளம்பரத்தில் தடை வந்தபோது வரி தொலைபேசிக்குப் போன மாதிரி, அது வேறு எங்காவது ஒளிந்துகொள்ளும். ஆனால் சட்டம் ஒன்றைச் செய்யும். "ஓனர் வேண்டாம்னு சொல்றார்" என்று இன்று கூச்சமில்லாமல் சொல்லும் ஏஜெண்ட், நாளை ஓனரிடம் "அப்படிச் சொல்ல முடியாதுங்க" என்று சொல்ல ஒரு துணை கிடைக்கும். எல்லாருக்கும் ஒரே தம்ளர் வைக்க நினைத்தும் பயந்த டீக்கடைக்காரருக்கு அந்தத் துணைதான் இல்லாமல் இருந்தது.

இந்த இதழைப் படிப்பவர்களில் பலர் இன்னும் சில வருஷத்தில் கல்யாணம் செய்து, பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பித்து, சாவி வாங்குவீர்கள். சிலர் பிறகு வேலைக்காக வெளிநாடு போவீர்கள், வீட்டை வாடகைக்கு விட முகவரைக் கூப்பிடுவீர்கள். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்பார்: "யாருக்கு வேணாம்?" அதற்கு என்ன பதில் சொல்வது என்று அப்போது யோசிக்க நேரம் இருக்காது. இப்போதே யோசித்து வைத்துக்கொள்வோம்.